அம்மை போட்ட கார்

எங்கள் வீட்டுக் காருக்கு என் பள்ளித் தோழிகள் வைத்த பெயர் 'அம்மை போட்ட கார்'. நான் படிவம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தபோது வைத்த பெயர் அது. வெள்ளிச் சாம்பல் நிற மைவி. பொனட்டிலும் முன் பம்பரிலும் விளக்குகளைச் சுற்றியும் கடுகளவில் சில, மிளகளவில் சில என்று புள்ளிகள் இருக்கும். சாலையில் கல் பட்டுச் சாயம் தெறித்த இடங்களை அப்பா பல்குச்சியால் தொட்டுத் தொட்டு மூடிய புள்ளிகள் அவை. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் பள்ளி வாசலில் காலை வெயில் சாய்வாக விழும்போது ஒன்று விடாமல் தெரியும்.

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அந்தப் புள்ளிகளை யாரும் எண்ணியதில்லை. அங்கே பாதிப் பேர் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவர்கள். கார் என்று ஒன்று இருந்தாலே போதும். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் என்னிடம் இருந்த எல்லாமே பிறர் பார்வைக்கு வந்தன. என் மலாய் உச்சரிப்பு, அம்மா கட்டித் தந்த சாப்பாடு, கடைசியாக எங்கள் காரின் முகம்.

படிவம் நான்கில் ஒருநாள் அப்பாவிடம், "பஸ் ஸ்டாப்புலேயே இறங்கிக்கிறேன்பா. ஸ்கூல் கேட்டுல ரொம்ப ஜேமா இருக்கு" என்றேன். அப்பா சரி என்றார். அன்றிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும்வரை பேருந்து நிறுத்தத்தில்தான் இறங்கினேன். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

நண்பர்களே, காரின் முன்பக்கச் சாயத்தைக் கல்லிலிருந்தும் கீறலிலிருந்தும் எப்படிக் காப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கழக இதழில் இதற்கெல்லாம் இடமா என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

அந்தக் காரின் முகத்தில் முதல் கீறலைப் போட்டவள் நான்தான். 2014ஆம் ஆண்டு தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு இரவோடு இரவாகச் சிம்பாங் பூலாய் திரும்பினோம். மறுநாள் காலையில் பார்த்தால் பம்பர் முழுக்கப் பூச்சிகள் ஒட்டிக் காய்ந்து கிடந்தன. அப்பாவுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, அம்மா பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்துவந்து நன்றாகத் தேய்த்துவிட்டேன். பூச்சிகள் போயின. கூடவே பளபளப்பும் போயிற்று. வட்டம் வட்டமாகக் கீறல்கள்.

அப்பா எழுந்து வந்து பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஒரு பழைய துணியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, இன்னும் பூச்சி ஒட்டியிருந்த ஓர் இடத்தின் மேல் விரித்துப் போட்டார். "பாப்பா, பத்து நிமிஷம் பேசாம இரு" என்றார். பத்து நிமிடம் கழித்துத் துணியை எடுத்து இலேசாக இழுத்தார். பூச்சி ஊறி, துணியோடு வந்துவிட்டது.

"காஞ்சதைத் தேய்க்கக் கூடாதும்மா. ஊற வெச்சா அதுவே வரும்" என்றார்.

காரின் முகத்தைக் காக்க நான் கற்ற முதல் பாடம் இதுதான். பூச்சியின் உடலில் உள்ள அமிலம் சாயத்தின் மேல்பூச்சை அரிக்கும்; வெயில் ஏற ஏற அரிப்பும் கூடும். ஆகவே, பயணம் முடிந்த அன்றோ மறுநாள் காலையிலோ கழுவிவிட வேண்டும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை ஓடவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மெத்தென்ற துணியால் தொட வேண்டும். மணல் இருக்கும்போது உலர்ந்த துணியால் துடைப்பதும் மணல்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒன்றுதான்.

இயந்திரப் பொறியியல் படிக்க வந்த பிறகுதான் அந்தச் சாயம் எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரிந்தது. இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதற்கு மேல் அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. இத்தனை அடுக்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. நம் தலைமுடி இரண்டைச் சேர்த்து வைத்தால் வரும் கனம் அது. அந்தக் கனத்தை நம்பித்தான் நாம் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறோம்.

அக்டோபர் 2023. பல்கலைக்கழகப் பதிவு நாள். அப்பா கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அம்மாவும் என் பெட்டிகளும் தலையணையும். சிம்பாங் பூலாயில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் தலைநகருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கோப்பேங், தாப்பா, பீடோர் எல்லாம் தாண்டிச் சுங்காயை நெருங்கும்போது முன்னால் ஒரு லோரி போய்க்கொண்டிருந்தது. அப்பா வலப்பக்கத் தடத்துக்கு மாறும் நேரத்தில் 'டக் டக்' என்று இரண்டு சத்தம். பொனட்டில் பட்டுத் தெறித்து, ஒரு கல் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது.

எனக்குக் கோபம் வந்தது. அன்று காலையில்தான் அப்பாவும் நானும் காரைக் கழுவி மெழுகு போட்டிருந்தோம். "இந்த லோரிக்காரனுங்களுக்கு அறிவே கெடையாது. யார் எக்கேடு கெட்டா என்னன்னு போறானுங்க" என்று கத்திவிட்டேன்.

அப்பா கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் ஓட்டினார். பிறகு, "அதுல ஒருத்தன் ஒன் பக்கத்துலதான் ஒக்காந்திருக்கான்மா" என்றார்.

ஆம். என் அப்பா ஒரு லோரி ஓட்டுநர். சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த எங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு கல் குவாரியிலிருந்து உடைத்த கல்லை ஏற்றிக்கொண்டு போவதுதான் அவர் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதுதான் எங்கள் சோறு. இதை மறந்துவிட்டு நான் அப்படிப் பேசவில்லை. பேசும்போது அது நினைவுக்கே வரவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தஞ்சோங் மாலிம் வரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

அடுத்த விடுமுறையில் ஒருநாள் காலை அப்பா கைப்பேசியை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டார். அதைக் கொடுப்பதற்காக அம்மாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு குவாரி வாசலுக்குப் போனேன். எடை மேடையைத் தாண்டி வெளியே வந்த லோரிகள் ஒவ்வொன்றாகச் சாலையில் ஏறிப் போயின. அப்பாவின் லோரி மட்டும் ஓரமாக நின்றது. அவர் இறங்கினார். கையில் ஒரு சுத்தியல், ஒரு கம்பி, ஒரு பழைய விளக்குமாறு.

லோரியின் பின்சக்கரங்கள் இரட்டை இரட்டையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒட்டி ஓடும் அந்த இரண்டு டயர்களுக்கு நடுவில் கல் போய்ச் சிக்கிக்கொள்ளும். குவாரிக்குள் மெதுவாகப் போகும்போது அது பேசாமல் இருக்கும். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் கவணிலிருந்து புறப்பட்டதுபோல் பின்னால் பறக்கும். அப்பா ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் கம்பியை விட்டு நெம்பி, சுத்தியலால் தட்டி, முட்டை அளவு கல் ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டார். பிறகு மேலே ஏறித் தார்ப்பாயின் கயிறுகளை இழுத்துப் பார்த்தார். பின்கதவின் விளிம்பிலும் சட்டத்திலும் தங்கியிருந்த சில்லுகளை விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினார். எல்லாம் முடிய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. பின்னால் வந்த ஒரு லோரி ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

அப்பாவுக்குத் திரிப்புக் கணக்கில்தான் சம்பளம். ஒரு நாளைக்கு ஆறு திரிப்பு என்றால் இந்த வேலைக்கே அரைமணி நேரம் போய்விடும். மாதக் கணக்கில் பார்த்தால் எத்தனையோ திரிப்பு.

"எல்லாரும் இப்படிச் செய்றாங்களாப்பா?" என்றேன்.

"செய்றவங்க செய்வாங்க."

"ஒங்களுக்குத் திரிப்பு கொறையுதே?"

அவர் சுத்தியலை இருக்கைக்கு அடியில் வைத்தபடி சொன்னார்: "கார்ல பட்டா சாயம் போகும், அது பரவால்ல. மோட்டார்ல வர்றவன் முகத்துல பட்டா என்னாகும்?"

நான் அம்மாவின் மோட்டாரில் வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் எனக்கு முன்னால் போன லோரிகளின் பின்சக்கரங்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. அப்பாவின் காருக்கு நல்லதாக ஏதாவது செய்ய வேண்டும். தலைநகரில் பெரிய பெரிய கார்களின் முன்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுப்படலம் போடுகிறார்கள். பாலியூரித்தேன் என்னும் இழுபடும் பொருளால் ஆன படலம் அது. கனம் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். அதாவது சாயத்தைவிடப் படலத்துக்குக் கனம் அதிகம். கல் பட்டால் அந்த அடியைப் படலம் வாங்கிக்கொள்ளும். நல்ல படலத்தில் மெல்லிய கீறல் விழுந்தாலும் வெயில் சூட்டில் தானே மறைந்துவிடும். ஹெலிகாப்டர் இறக்கைகளின் விளிம்பை மணல் அரிக்காமல் காப்பதற்கும் இதே வகைப் படலத்தைத்தான் ஒட்டுகிறார்கள். மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து நான் சேர்த்த 1,200 வெள்ளி கையில் இருந்தது. 2024 விடுமுறையில், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று காரை வாங்கிக்கொண்டு போய், அவரை இறக்கிவிட்டு, ஈப்போவில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். குனிந்து புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "யார் செய்தது?" என்று மலாயில் கேட்டார். "என் அப்பா" என்றேன். "பொறுமையான மனுஷன்" என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு என் ஆசை இறங்கிவிட்டது. படலம் அடியில் இருப்பதை அப்படியே காட்டும். மேடு இருந்தால் மேடு, பள்ளம் இருந்தால் பள்ளம். துரு இருக்கும் இடத்தில் ஒட்டினால் உள்ளே துரு வளர்ந்துகொண்டே போகும். ஆகவே, முதலில் பொனட்டையும் பம்பரையும் சுரண்டி மறுபடி சாயம் அடிக்க வேண்டும். அந்தச் சாயம் நன்றாக இறுகும்வரை சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். அப்படி ஒட்டினாலும், பட்டறையில் அடித்த சாயம் தொழிற்சாலைச் சாயத்தைப்போல் பிடிப்பாக இருக்காது. பிறகு படலத்தை உரிக்கும்போது சாயமும் சேர்ந்து வரலாம். சாயத்துக்கும் படலத்துக்குமாக அவர் சொன்ன தொகை என் கையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

"செராமிக் பூச்சு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். செராமிக் பூச்சு சில மைக்ரான் கனம்தான். தண்ணீர் ஒட்டாது, அழுக்குச் சீக்கிரம் போகும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும். கல்லைத் தாங்காது. மெழுகும் அப்படித்தான். சிலர் தோல்போல் ஒரு முகமூடியைக் காரின் முன்னால் கட்டுவார்கள். அது கல்லைத் தாங்கும், ஆனால் உள்ளே மணலும் ஈரமும் புகுந்து, காற்றில் உரசி உரசிச் சாயத்தைக் கெடுத்துவிடும்.

"இந்தக் காருக்கு வேண்டாம். நீ வேலைக்குப் போய்ப் புதுக் கார் எடுப்பாய் அல்லவா? முதல் வாரத்திலேயே கொண்டு வா, ஒட்டித் தருகிறேன்" என்றார். ஒரு வியாபாரி, கையில் காசோடு வந்தவளிடம் வேண்டாம் என்று சொன்னதை நான் மறக்க மாட்டேன். காரின் தகட்டில் அடித்திருந்த நிற எண்ணைப் பார்த்து, அதற்கேற்ற சிறிய சாயப் புட்டி ஒன்றும், அடிப்பூச்சும், பளபளப்புப் பூச்சும் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 50 வெள்ளிகூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் புட்டிகளைக் கொடுத்தேன். கடைக்குப் போனதையும் சொல்லிவிட்டேன். அவர் படலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புட்டியைக் கையில் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பிறகு தூரமாகப் பிடித்தார், பிறகு என்னிடமே கொடுத்தார். "நீயே வைய்யி. எனக்கு இப்பெல்லாம் கிட்டத்துல தெரியல" என்றார்.

சில வருடங்களாகப் புள்ளிகள் கடுகிலிருந்து மிளகாகப் பெரிதானதற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் கழுவி உலர வைக்க வேண்டும். காயத்தின் ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கும் சாயத்தை நகத்தால் தட்டிவிட வேண்டும். துரு இருந்தால் மணல்தாளைச் சிறிதாகச் சுருட்டி அந்த இடத்தில் மட்டும் தேய்க்க வேண்டும். அடிப்பூச்சு ஒரு துளி. காய்ந்ததும், பல்குச்சியின் முனையில் நிறத்தை எடுத்துக் காயத்தின் நடுவில் தொட்டால் அதுவே பரவி ஓரத்தில் போய் நிற்கும். ஒரே தடவையில் நிரப்பக் கூடாது. காயவிட்டு, மறுபடி வைத்து, மறுபடி காயவிட்டு, கடைசியில் பளபளப்புப் பூச்சு. வெள்ளிச் சாம்பல் நிறத்தில் உலோகத் துகள் இருப்பதால் எப்படி வைத்தாலும் புள்ளி சற்றுக் கறுத்துத்தான் தெரியும். "தெரிஞ்சா என்ன? துரு வராது" என்றார் அப்பா. பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது, கொஞ்சம் காத்திருக்கலாம். பொனட் இரும்பு. நம் நாட்டு ஈரக்காற்றில் அதைக் காத்திருக்க விடக்கூடாது.

முடிந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். நம் தாத்தா காலத்திலிருந்து கடன் கணக்கு எழுதப்படும் அதே குட்டிப் புத்தகம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சரி அடையாளம் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். கல் பட்ட நாள், இடம், காரில் பட்ட பகுதி, எத்தனை என்று வரிசையாக எழுதியிருந்தார்.

'8.10.2023. சுங்காய். பொனட் வலது. 2. பாப்பா யூனிவர்சிட்டி.'

பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள். நான் பேச்சுப் போட்டிக்காகத் தெலுக் இந்தான் போன நாள். தம்பிக்குக் காய்ச்சல் வந்த இரவு. அப்பாவுக்கு வீண் ஊர்ப்பயணம் என்று ஒன்று கிடையாது. அந்தக் காரின் முகத்தில் விழுந்த ஒவ்வொரு கல்லும் எங்களில் ஒருவருக்காகப் போன வழியில் விழுந்தது.

"எதுக்குப்பா இதெல்லாம் எழுதி வெக்கிறீங்க?"

"எழுதலன்னா மறந்துரும். மறந்தா துருப் புடிச்சிரும்" என்றார். அவருக்கு அதில் வேறு அர்த்தம் ஒன்றும் இல்லை. லோரிக்கு எண்ணெய் மாற்றிய நாளையும் அப்படித்தான் எழுதுவார்.

2019ஆம் ஆண்டுப் பக்கங்களை நான் தேடிப் பார்த்தேன். அது நான் படிவம் நான்கில் இருந்த ஆண்டு. பேருந்து நிறுத்தத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கல் பட்டதை மட்டும்தான் அப்பா எழுதியிருந்தார்.

நண்பர்களே, காரின் முகத்தைக் காக்க விரும்புகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். புதுக் கார் என்றால், கையில் காசும் இருந்தால், முதலிலேயே படலம் ஒட்டுங்கள். பழைய கார் என்றால் பல்குச்சியும் பொறுமையும் போதும். எந்தக் கார் என்றாலும் முன்னால் போகும் லோரியிடமிருந்து விலகியே போங்கள். கல் வந்து நம்மை அடிக்கிறது என்பதைவிட நாம்தான் வேகமாகப் போய் அதில் மோதுகிறோம். வேகம் 110லிருந்து 90க்குக் குறைந்தால், நின்றிருக்கும் ஒரு கல்லில் மோதும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இது நாம் படித்த இயற்பியல்தான். ஆனால் நமக்கு முன்னால் போகிற ஒருவர் ஐந்து நிமிடம் செலவழித்துத் தட்டி எடுத்துப் போட்ட கல், எந்தக் கணக்கிலும் வராது. அது நம்மேல் விழாததால் நமக்குத் தெரிவதுமில்லை.

இந்த ஆண்டு நம் கழகத்தின் விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். வளாகத்தின் வாசல் வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்து, "எங்கம்மா நிறுத்தட்டும்? இங்கேயேவா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. உள்ள வாங்க. மண்டபத்து வாசலுக்கே போவோம்" என்றேன்.

மண்டபத்து வாசலில் நம் ஆட்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாலை வெயில். முதலாண்டு மாணவி ஒருத்தி பொனட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதெல்லாம் என்ன புள்ளி?" என்று கேட்டாள். "கல்லு பட்டது. அப்பாவும் நானும்தான் தொட்டு வெச்சோம்" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அப்பா மட்டும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அன்றிரவு அவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். சற்று நேரம் கழித்து அப்பாவிடமிருந்து பதில் வந்தது.

'வந்தாச்சு. சிலிம் ரிவர் கிட்ட ஒரு கல்லு. பொனட் இடது. லீவுக்கு வந்து வைம்மா.'